உலையின் வெப்பநிலையை உயர்த்தும் முன்: சுத்திகரிப்பு ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நிர்வாகத்தினருக்கும் பொறியியல் பிரிவுத் தலைவர்களுக்கும் வணக்கம்.

உலையின் வெப்பநிலையை உயர்த்தும் திட்டம் உங்கள் ஒப்புதலுக்கு வரும்போது, உலைக் குழாய்களை மாற்றும் செலவோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். உலையிலிருந்து வெளியேறும் எண்ணெய் கடந்து செல்லும் குழாய்வழி, வெப்பப் பரிமாற்றி, வால்வு, ஃபிளேஞ்ச் (குழாய் முனைகளைப் போல்ட்டுகளால் இணைக்கும் வளையத் தட்டு) என ஒவ்வொன்றும் புதிய வெப்பநிலையைத் தாங்குமா என்பது எழுத்தில் உறுதியாகும்வரை ஒப்புதலை நிறுத்திவைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே எண்ணெயிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கார்பன் எஃகைக் குறிப்பிடத்தக்க அளவில் அரிக்கத் தொடங்குகின்றன, சிலிக்கான் 0.10 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள எஃகு இன்னும் விரைவாகத் தேய்கிறது. 2012 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் ஆலையில் பிளந்தது அத்தகைய ஒரு நேர்க்குழாய்த் துண்டுதான். அதே குழாய்வழியின் வளைவுகளில் எடுக்கப்பட்ட தடிமன் அளவீடுகள் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனவே, சில இடங்களில் மட்டும் அளந்துவிட்டு முழு வழியும் நலம் என்று சான்றளிப்பதை ஏற்க முடியாது. 5 அல்லது 9 சதவீதக் குரோமியம் கொண்ட எஃகுக்கு மாறுவது கந்தக அரிப்புக்கு நல்ல தீர்வு. ஆனால், சில கச்சா எண்ணெய்களில் இயல்பாகவே இருந்து உலோகத்தை அரிக்கும் நாப்தெனிக் அமிலம் மிகுந்த கச்சா எண்ணெய்க்கு அது போதாது, மாலிப்டினம் கூடுதலாக உள்ள துருவேறா எஃகு தேவைப்படும்.

ஹைட்ரஜன் பாயும் பிரிவுகளில் ஆபத்து வெளியே தெரியாது. உயர்ந்த வெப்பத்தில் எஃகுக்குள் ஊடுருவும் ஹைட்ரஜன், அங்குள்ள கார்பனோடு சேர்ந்து மீத்தேனாகி, உள்ளிருந்தே நுண்விரிசல்களை உண்டாக்குகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் அனகோர்ட்டஸில் 2010 ஏப்ரலில் ஏழு பேரின் உயிரைப் பறித்த வெப்பப் பரிமாற்றி இப்படித்தான் வெடித்தது. எந்த வெப்பநிலை, ஹைட்ரஜன் அழுத்தம் வரை ஓர் எஃகு தாங்கும் என்று காட்டும், பாதுகாப்பு வரம்பாகத் தொழில்துறை நம்பிய நெல்சன் வளைகோட்டுக்குக் கீழே இயங்கியதாகக் கணிக்கப்பட்ட பகுதிகளிலும் சேதம் இருந்ததை விசாரணை கண்டறிந்தது. இத்தகைய இடங்களில் ஆய்வுகளை அடிக்கடி நடத்துவதை விட உலோகத்தையே மாற்றுவதுதான் பொறுப்பான முடிவு.

ஃபிளேஞ்சுகள் சிறிய விஷயமாகத் தோன்றலாம். கார்பன் எஃகில் செய்த 300 வகுப்பு (அழுத்தம் தாங்கும் தரத்தின் பெயர்) ஃபிளேஞ்ச் 38 டிகிரியில் 51.1 பார் அழுத்தம் தாங்கும். 400 டிகிரியில் 34.7 பார் மட்டுமே.

அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தின்போது ஒவ்வொரு துண்டின் உலோகக் கலவையையும் கருவியால் சோதித்துப் பதிவு செய்யுங்கள். பழைய வரைபடத்தில் எழுதியிருப்பதை நம்பி வெப்பநிலையை உயர்த்தாதீர்கள். அந்தப் பதிவுகளை, இயந்திரங்களுக்கு அருகில் நின்று பணியாற்றும் தொழிலாளர்களின் பாதுகாப்புக் குழுவிடம், புதிய வெப்பநிலையில் ஆலையை இயக்கத் தொடங்கும் முன்பே ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.