கலியாண வீட்டுக் களவு: சனசமூக நிலையச் செயலாளரின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம். வாசிகசாலைக்குப் பேப்பர் தவறாமல் வந்தது, சரஸ்வதி பூசை நடந்தது, மாரிக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்கினோம், கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மிச்ச நேரம் முழுவதையும் ஆவணியில் நடந்த களவுக்கே எடுத்துக்கொள்கிறேன், தை பிறந்தால் திரும்பவும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும்.

அன்று பொம்பிளை வீட்டார் விடியவே வான் பிடித்து மண்டபத்துக்குப் போய்விட்டார்கள், கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை முழுவதும் பின்னால் போனது. தாலிகட்டு முடிந்து வந்து பார்த்தால் குசினிக் கதவு நெம்பித் திறந்து கிடக்கிறது. நெம்பியது பந்தல்காரர் கிணற்றடியில் விட்டுப்போன அலவாங்கால். அது கதவடியிலேயே கிடந்தது. பொம்பிளை போட்டிருந்த நகை தப்பியது. போனது கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் சூட்கேசுக்குள் வைத்திருந்த காசு, காப்பு, அதோடு பாஸ்போர்ட்டுகளும். கலியாணக் களை ஆறமுதல் அந்தப் பிள்ளைகள் பாஸ்போர்ட்டுக்காகக் கொழும்புக்கு ஓடினதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

மற்ற நாட்களில் ஒரு வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் ஆள் இருக்கும். கலியாணத்தன்று பக்கத்து வீடும் பூட்டு, முன்வீடும் பூட்டு. எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்பது அழைப்பிதழில் இருக்கிறது, வீட்டு விலாசமும் அதிலேயே இருக்கிறது, எந்த வீடு என்று வாசலில் கட்டிய வாழை சொல்லும். போதாக்குறைக்குப் பேஸ்புக்கில் நேரலை வேறு. மாப்பிள்ளை வீட்டாரும் கவனிக்க வேண்டும்: முகூர்த்த நேரம் அவர்கள் வீடு வெறுமை, தாலிகட்டு முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போகும்போது பொம்பிளை வீடு வெறுமை.

அதனால் கலியாண வீட்டில் குறைந்தது இரண்டு பேர் நிற்பது என்று செயற்குழு முடிவெடுத்தது. கார்த்திகைக் கலியாணத்துக்குத் துடக்கு என்று போகாமல் இருந்த ஒரு குடும்பம் தாங்களாகவே முன்வந்து பார்த்தது, அவர்களுக்கு மண்டபத்திலிருந்து முதல் பந்தியிலேயே சாப்பாடு வந்தது. இது தொடர வேண்டும். கலியாணம் வைப்பவர்கள் ஒரு கிழமைக்கு முன் எனக்குச் சொன்னால் ஆளை ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. போட்டுக்கொள்ளாத நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். நகைகளைப் போனில் படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு வையுங்கள், உருக்கமுதல் பிடிபட்டால் அடையாளம் சொல்ல அதுதான் உதவும். பாஸ்போர்ட்டைப் பொறுப்பான ஒருவர் கையோடு கொண்டுபோகட்டும். அலவாங்கு, ஏணி, மண்வெட்டியை உள்ளே வைத்துப் பூட்டுங்கள். திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைக்கவே வேண்டாம், அங்கேதான் எவனும் முதலில் தேடுவான். அப்புறம் நாய். விருந்தினர் வருகிறார்கள் என்று நாயைக் கொண்டுபோய் வேறு வீட்டில் கட்டுகிறோம், எல்லாரும் மண்டபத்துக்குக் கிளம்பும் நேரத்துக்காவது அதை வளவுக்குள் அவிழ்த்து விடுங்கள். நேரலை போடுவதென்றால் போடுங்கள், வீட்டில் ஆள் நிற்கட்டும்.

அப்படியும் களவு போனால் உள்ளே போய் அலுமாரியைக் கிளறாமல் உடனே 119க்கு அடியுங்கள். அன்று பொலிஸ் வரமுதல் சொந்தக்காரர் எல்லாரும் அறைக்குள் போய் எல்லாவற்றையும் தொட்டுவிட்டார்கள், பிறகு கைரேகை எங்கே எடுப்பது?

ஒழுங்கை முனை விளக்கு இன்னும் எரியவில்லை, பிரதேச சபைக்குத் திரும்பவும் கடிதம் கொடுத்திருக்கிறோம். தை மாதக் கலியாணங்களுக்குக் காவல் நிற்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.

செயலாளர்