மருத்துவத் தேவைக்கான வளையும் உறிஞ்சுகுழல்களுக்குத் தடையிலிருந்து விலக்கு கோரும் மனு

அனுப்புநர்:
பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் தாயாரைப் பராமரித்து வரும் மகள்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல் துறை.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களுக்கான தடையாணை – நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் வளையும் உறிஞ்சுகுழல்களுக்கு விலக்கு அளிக்க வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். என் தாயாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வலக்கை செயல்படாது, உதடுகளின் ஒரு பக்கம் முழுதாக மூடாது, தலையணைகளை அண்டைகொடுத்தால்தான் ஓரளவு நிமிர்ந்து உட்கார முடியும். கோப்பையில் தண்ணீர் கொடுத்தால், அது குறையக் குறையத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சாய்க்கும்போது, மூச்சுக்குழாய் மூடிக்கொள்வதற்குள் நீர் தொண்டையில் இறங்கிப் புரையேறிவிடுகிறது. நாம் அனைவரும் ஸ்ட்ரா என்றே சொல்லிப் பழகிய அந்தச் சிறு குழலை, அதன் மடிப்புள்ள கழுத்துப் பகுதியில் வளைத்து உதட்டோரம் வைத்தால், முகவாயைத் தாழ்த்தியபடியே, தம் வேகத்தில், பிறர் கையை எதிர்பாராமல் அவரால் குடிக்க முடிகிறது. அவர் விழுங்கும் முறையைச் சோதித்த சிகிச்சையாளரே இவ்வாறு பழக்கினார். எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தாது என்பதையும், சிலருக்கு ஒரே இழுப்பில் அதிக நீர் வந்து ஆபத்தாகக்கூடும் என்பதையும் அவரே எச்சரித்தார். ஆகவே அவரவர் உடல்நிலை பார்த்துத் தேர்ந்துகொள்ளும் கருவி என்றே இதைக் குறிப்பிடுகிறேன்.

தடையாணை வந்தபின் ஒரு மருந்துக்கடையில் இதைக் கேட்டபோது, விற்கக் கூடாத பொருள் என்று மறுத்துக் காகிதக் குழலைக் கொடுத்தார்கள். கடைக்காரர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆணையில் உள்ளபடிதான் அவர் நடந்துகொண்டார். உடல்நலத்தோடு இருப்பவர் ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டு எறியும் பண்டத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது காகிதக் குழல். என் தாயாருக்கு 200 மில்லி லிட்டர் குடிக்க அரை மணி நேரம் ஆகும். அதற்குள் உதட்டில் பட்ட முனை ஊறிக் கூழாகிவிடுகிறது. ஒருமுறை அதிலிருந்து பிய்ந்த துண்டொன்றை அவர் வாயிலிருந்து விரலால் எடுக்க நேர்ந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் அது தொண்டையில் சிக்கியிருக்கும். எஃகுக் குழலையும் முயன்றோம். தன்னையறியாமல் பல்லை இறுகக் கடிப்பவருக்கும், நடுக்குவாதத்தால் தலை ஆடுபவருக்கும் அது வாயைக் காயப்படுத்தும்; சூடான பானத்தில் வைத்தால் உதட்டைச் சுடும். கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சிலிக்கான் குழல் இவற்றுள் மேலானது என்று ஒப்புக்கொள்கிறேன், சிலருக்கு அது போதுமாகவும் இருக்கலாம். ஆனால் வளைத்த கோணத்தில் அது நிற்பதில்லை, அதன் தடித்த சுவரைச் சுற்றித் தளர்ந்த உதடுகள் மூடுவதில்லை, விழுங்கச் சிரமப்படுவோருக்காகக் கெட்டியாக்கிய பானங்களின் எச்சம் உள்ளே தங்காமலிருக்க ஒவ்வொரு முறையும் தூரிகை விட்டுக் கழுவிக் கொதிக்க வைக்க வேண்டியிருக்கிறது.

வளையும் குழலின் வரலாறும் இந்தக் கோரிக்கைக்குத் துணை நிற்கிறது. அமெரிக்காவின் ஜோசப் ஃபிரைட்மன், உயரமான மேசையில் இருந்த பானத்தை நேரான குழலால் குடிக்கத் தம் சிறு மகள் சிரமப்படுவதைக் கண்டு, குழலுக்குள் ஒரு திருகாணியை விட்டு, அதன் புரியை ஒட்டிப் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் வெளியே சுற்றி இறுக்கி, மடிப்புகளை உண்டாக்கினார். 1937-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குழந்தைக்காகப் பிறந்த பொருள்தான். ஆனாலும் 1947-இல் அதை முதலில் விலைகொடுத்து வாங்கியது ஒரு மருத்துவமனை. படுத்திருப்பவருக்கு வளைந்த கண்ணாடிக் குழாயில் நீர் புகட்டிய காலத்தில், உடையாத, ஒருமுறை பயன்படுத்திக் கழித்துவிடக்கூடிய வளைகுழலின் அருமை செவிலியருக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும். இன்று இதை வெறும் ஆடம்பரப் பொருளாகக் கருதுவது அந்தத் தொடக்கத்தை மறந்துவிடுவதாகும் என்பது என் தாழ்மையான கருத்து.

குடிப்பதோடு இதன் பயன் முடிவதில்லை. உறிஞ்சும் வலுவற்றவருக்கு, குழலை நீரில் தோய்த்து மேல்முனையை விரலால் அடைத்து எடுத்துச் சொட்டுச் சொட்டாக நாவில் விடுகிறோம். குரல் நைந்தவர்களுக்குக் குழல் வழியே ஒலியெழுப்பும் பயிற்சியும், உதட்டுத் தசைகள் தளர்ந்த குழந்தைகளுக்கு நீரில் குமிழி ஊதும் பயிற்சியும் தரப்படுகின்றன.

தடையின் நோக்கத்தை நான் எதிர்க்கவில்லை. எடை குறைந்த இக்குழல்கள் கழிவு பிரிக்கும் இயந்திரங்களின் இடுக்குகளில் நழுவி விழுவதையும், நீர்நிலைகளில் சேர்ந்து உயிரினங்களுக்குக் கேடு விளைவிப்பதையும் அறிவேன். தேவையில்லாதவர் கையில் கேளாமலே திணிக்கப்படும் குழல்கள் ஒழிய வேண்டும் என்பதே என் விருப்பமும். அந்த நோக்கம் கெடாமலே விலக்கு அளிக்க முடியும் என்பதற்கு முன்மாதிரிகள் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 3 முதல் நடப்புக்கு வந்த தடை, மருத்துவக் கருவிகள் என்ற வகைப்பாட்டில் வரும் உறிஞ்சுகுழல்களை விலக்கி வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 2020 அக்டோபரில் தடை வந்தபோதே, பதிவுபெற்ற மருந்தகங்கள் இவற்றை விற்கவும், உணவகங்கள் கேட்பவருக்குக் கொடுக்கவும் இடம் விடப்பட்டது.

ஆகவே, மருந்துக்கடைகளில் வளையும் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்களை விற்பதற்கும், மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், மறுவாழ்வு மையங்கள் ஆகியவை அவற்றை இருப்பில் வைத்திருப்பதற்கும், உணவு வழங்கும் இடங்களில் வெளியே பரப்பி வைக்காமல் கேட்பவருக்கு மட்டும் கொடுப்பதற்கும் அனுமதித்துத் தடையாணையில் திருத்தம் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வாங்க வருபவரிடம் மருத்துவச் சான்றோ மாற்றுத்திறனாளி அட்டையோ கேட்கக் கூடாது என்பதையும் அத்திருத்தத்திலேயே தெளிவுபடுத்த வேண்டுகிறேன். மூட்டுவாதத்தால் கோப்பையைப் பிடிக்க முடியாதவரும், தாடை அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களுக்கு மட்டும் இது தேவைப்படுபவரும் எந்த அட்டையும் வைத்திருப்பதில்லை. பயன்படுத்திய குழல்களை மருந்துக்கடைகளிலேயே திரும்பப் பெற ஒரு பெட்டி வைக்கத் துறை ஏற்பாடு செய்தால், எங்களைப் போன்றோர் அவற்றைச் சேர்த்துவைத்துக் கொண்டுவந்து ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

தாயாருக்குச் சிகிச்சையளிப்பவர் தந்த கடிதத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். திருத்தம் வெளியாகும் வரை இடைக்கால ஏற்பாடாக, மருந்துக்கடைகளில் மீதமிருக்கும் இருப்பை விற்பதற்கேனும் ஒரு சுற்றறிக்கை அனுப்பி உதவுமாறும், இம்மனுவின் மீது எடுக்கப்படும் முடிவை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.

இணைப்பு: சிகிச்சையாளரின் கடித நகல்.