கொல்லைக் கதவைத் திறக்கிறோம், கைகொடுங்கள்: தெருத் தோட்டக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மன்னார்குடியில் எங்கள் தெருவில் 34 வீடுகள். எல்லாம் ஒரே வார்ப்பாகக் கட்டிய பழைய வீடுகள். வாசல் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை. அதைத் தாண்டினால் கிணற்றடி, அதற்கப்புறம் நீண்டு போகும் கொல்லை. தெருவைப் பார்க்க 20 அடி அகலம்தான் இருக்கும். பின்பக்கம் போனால் நடந்துகொண்டே இருக்கலாம். வெளியூர்க்காரர்கள் ராஜகோபாலசுவாமி கோயில் மதிலைப் பார்த்து ‘மன்னார்குடி மதிலழகு’ என்று சொல்லும்போதெல்லாம், மதிலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்களே, எங்கள் கொல்லைகளைப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொள்வோம். அப்படி நினைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது.

2018 நவம்பர் 16. கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி எங்கள் பக்கம் வந்த இரவு. விடிந்ததும் கொல்லைக் கதவைத் தள்ளித் திறந்தவர்கள் முதலில் பார்த்தது வெளிச்சத்தை. அத்தனை வெளிச்சம் அந்தக் கொல்லைகளில் விழுந்து யாரும் பார்த்ததில்லை. தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. பாட்டன் வைத்த ஒட்டு மாமரங்கள் வேரோடு பெயர்ந்து, அடியில் ஆள் இறங்கும் அளவுக்குப் பள்ளம். பிறகு பல நாட்கள் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. தெருவின் நடுவில், இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் பொதுவாக இருக்கும் பழைய உறைக்கிணற்றில்தான் 34 வீடும் வாளி போட்டுத் தண்ணீர் சேந்தியது. ராட்டினம் ஓயாமல் கிறீச்சிட்ட அந்த நாட்களை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் சொல்கிறார்கள்.

மின்சாரம் வந்தது. கிணற்றை மறந்தோம். விழுந்த மரங்களை அறுத்து ஏற்றிப் போனார்கள், அடிக்கட்டைகள் அப்படியே நின்றன. மறுபடி ஒரு தென்னம்பிள்ளையை வைத்து அது காய்க்கும்வரை காத்திருக்கும் மனம் பலருக்கு அப்போது இல்லை. கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்தது. உடைந்த கட்டில், ஓட்டைக் குடம், பழைய பெயிண்டு டப்பா எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. காட்டாமணக்கு மண்டியது. நான்கு வீடுகளில், பாம்பு வரும் என்று பயந்து, கொல்லை முழுவதையும் சிமெண்டால் மூடிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாங்களும் அதே தாழ்ப்பாளைப் போட்டவர்கள்தான்.

மாற்றம் கடைக்கோடி வீட்டில் தொடங்கியது. அந்த வீட்டம்மா எங்கள் தெருவுக்கே அத்தை. எழுபது வயதைத் தாண்டியவர். வாங்கிப் போட்டது என்று அவர் கொல்லையில் ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் முருங்கை நிழலில் போட்டு, தினமும் நாலரை மணிக்குக் காபியோடு போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவர் முதலில் செய்தது. “செடி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாசம் உக்காந்து பாருடா. வெயில் எங்க விழுது, காத்து எந்தச் சந்துல வருது, மழைத்தண்ணி எங்க தேங்குது, எல்லாம் அதுவே சொல்லும்” என்பார்.

உட்கார்ந்து பார்த்ததில் அவர் கண்டுபிடித்தவை சின்னச் சின்ன விஷயங்கள். துவைக்கிற கல்லிலிருந்து ஓடும் தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் இழுத்து அதை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பினார். வாழை இப்போது மூன்றாவது தலைமுறைக் கன்று விட்டிருக்கிறது. சோப்புத் தண்ணீர் கீரைப் பாத்திக்குப் போகக் கூடாது என்பதில் மட்டும் அவர் கறார். கீரைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். காய்ந்து நின்ற மல்லிகையைக் கார்த்திகை மாதம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். பார்த்தவர்கள் செடியே போச்சு என்றார்கள். பங்குனியில் அந்தப் புதரில் மொட்டெடுக்க மூன்று பிள்ளைகள் போட்டி போட்டார்கள். வேலியோரம் முளைத்த எருக்கைப் பிடுங்காமல் விட்டார். அதன் இலையில் முட்டையிட வெந்தய வரியன் பட்டாம்பூச்சிகள் வந்தன. கறிவேப்பிலையில் கொழுத்த பச்சைப் புழு தெரிந்ததும் மருந்தடிக்க ஓடவில்லை. புழு கூட்டுப்புழுவாகி, கறுப்புப் பட்டாம்பூச்சியாகப் பறந்துபோகும்வரை பக்கத்து வீட்டுச் சிறுமி தினமும் வந்து பார்த்தாள். அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்தார், நாள்தோறும் மாற்றினார். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து குளித்துவிட்டுப் போகின்றன. இவற்றில் எதற்கும் அவர் நூறு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை.

மாலையில் அங்கே ஒருவர் இருவராகச் சேர ஆரம்பித்தோம். அந்த நாற்காலியைச் சுற்றி உருவானதுதான் இந்தக் குழு. ஒன்பது பேர் இருக்கிறோம்.

நன்கொடை கேட்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அத்தை செய்ததைப் போன்றவற்றுக்கு உங்கள் பணம் வேண்டாம். அதை ஒவ்வொரு வீடும் தானே செய்துகொள்ளும், செய்யவும் தொடங்கிவிட்டோம். கடந்த விதைப்புப் பட்டத்தில் 14 வீடுகளில் அவரை, பீர்க்கு, புடலை என்று கொடி ஏறியது. கொல்லைக் கதவருகே இரண்டு கால் நட்டுக் கீற்றுப் பந்தல் போட்டவர்கள் உண்டு. பகலில் நிழல், மாலையில் உட்கார இடம், மழைக்காலத்தில் புடலைக்குக் கொழுகொம்பு. தென்னை மட்டையைக் கவிழ்த்து மரத்தைச் சுற்றிப் பரப்பினால் சித்திரை வெயிலிலும் மண் ஈரம் காக்கும் என்பது புதிதாகக் கற்றதல்ல, மறந்திருந்தோம்.

ஆனால் ஒரு வீடு தனியாகச் செய்ய முடியாத வேலைகள் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

முதலாவது அந்தக் கிணறு. கீற்றும் மண்ணும் விழுந்து தூர்ந்துவிட்டது. மேல் உறை இரண்டும் வெடித்திருக்கின்றன. தூர் வாரி, உறை மாற்றி, குழந்தைகள் எட்டிப் பார்த்து விழாமல் இரும்பு வலை போட்டு, ராட்டினம் மாட்ட 62,000 ரூபாய் ஆகும் என்று வேலை தெரிந்தவர்கள் வந்து பார்த்துச் சொன்னார்கள். அடுத்த புயல் எப்போது என்று நமக்குத் தெரியாது. அன்றைக்கும் மோட்டார் ஓடாது என்பது தெரியும்.

கிணற்றைச் சுற்றியுள்ள நான்கு வீடுகளின் ஓட்டுத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து, கூழாங்கல்லும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டியில் இறக்கிக் கிணற்றில் விடுவது இரண்டாவது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாயிற்று. எங்கள் தெருவில் அன்று வைத்த குழாய்களில் பாதி உடைந்து, மீதி அடைத்துக் கிடக்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆக, 60 சதுர மீட்டர் ஓட்டுக்கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,200 லிட்டர் விழும். அதில் கொஞ்சம் சிதறிப் போனாலும் பெரும்பகுதி கிணற்றுக்கு வரும். ஐப்பசியில் அப்படிப்பட்ட மழை ஒன்றா இரண்டா! நான்கு வீட்டுக்கும் சேர்த்து 22,000 ரூபாய்.

துவைக்கிற கல் இல்லாத, குளியலறைக் குழாய் நேராகப் பின்சந்துச் சாக்கடையில் போய் விழுகிற வீடுகள் 12. அந்த வீடுகளில் குழாயைத் திருப்பி, ஜல்லி நிரப்பிய பாத்தி அமைத்து, கல்வாழையும் சேம்பும் நட வேண்டும். தண்ணீர் ஜல்லிக்கு அடியிலேயே ஓடுவதால் மேலே தேங்காது, கொசு முட்டையிட இடமிருக்காது. வீட்டுக்கு 3,500 வீதம் 42,000 ரூபாய். சாக்கடை நாற்றத்தால்தான் பலர் கொல்லைக்கே போவதில்லை என்பதால் இந்த வேலையை நாங்கள் மிக முக்கியமாக நினைக்கிறோம்.

அடிக்கட்டைகள் இன்னும் 15 இருக்கின்றன, பாதி மக்கியும் பாதி மக்காமலும். மக்கும் தென்னங்கட்டையில்தான் காண்டாமிருக வண்டு பெருகுகிறது. அது புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளின் குருத்தைக் குடைகிறது. விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டு தெரிந்தால் அது வண்டின் வேலை. ஆமணக்குப் புண்ணாக்கை ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்று பானையில் ஊறவைத்து ஆங்காங்கே வைத்திருக்கிறோம், வண்டுகள் அதில் வந்து விழுகின்றன. ஆனாலும் பிறக்கும் இடம் கொல்லையிலேயே இருக்கும்போது பானை எத்தனையைப் பிடிக்கும்? ஒரு கட்டையைத் தோண்டி எடுக்க 1,000 ரூபாய், மொத்தம் 15,000.

தெருவில் சருகை எரிப்பதை அடியோடு நிறுத்த நினைக்கிறோம். அதற்கு மூன்று இடங்களில் செங்கல் மக்குத் தொட்டி, ஒன்று 8,000 என்று 24,000 ரூபாய். மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை காய்கறிக் கழிவு, மேலே சாணிக் கரைசல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டல். இரண்டு மூன்று மாதத்தில் எரு. வண்டு அதிலும் முட்டையிடும் என்பதால் புரட்டும்போதெல்லாம் புழுவைப் பொறுக்கிவிட வேண்டும். அந்த வேலைக்கு முறை வைத்துப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பொதுக் கருவிகளாகக் கடப்பாரை, மண்வெட்டி, தொரட்டி, ஏணி, தள்ளுவண்டி வாங்க 16,000. கன்றுகளுக்கும் கிணற்றடிப் பந்தல் கால்களுக்கும் 14,000.

ஆக மொத்தம் 1,95,000 ரூபாய். தெருவுக்குள் திரட்டியது 48,500. இன்னும் வேண்டியது 1,46,500.

குழுவுக்குள் ஒரு விஷயத்தில் நீண்ட நேரம் வாக்குவாதம் நடந்தது. கிணற்றடியைச் சுற்றி டைல்ஸ் பதித்து, புல்தரை விரித்து, வண்ண விளக்கு போடலாம் என்று சிலர் சொன்னார்கள். பார்க்க நன்றாக இருக்கும், நன்கொடை தருபவர்களுக்கும் காட்டலாம் என்பது அவர்கள் வாதம். கடைசியில் வேண்டாம் என்று முடிவானது. புல்தரைக்குக் கோடையில் ஊற்றும் தண்ணீரில் எத்தனை தென்னம்பிள்ளைகள் பிழைக்கும் என்பது ஒன்று. மண்ணை மூடினால் மழை எங்கே இறங்கும் என்பது இன்னொன்று. இரவில் வெளிச்சம் குறைவாக இருந்தால்தான் பவழமல்லி மலரும் நேரத்தில் அங்கே உட்கார மனம் வரும் என்று அத்தை சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டோம். பாதை போடும் இடத்தில் பழைய செங்கல்லை மணலில் படுக்கவைப்போம், சிமெண்டு பூச மாட்டோம்.

மரம் நடுவதிலும் யோசித்திருக்கிறோம். முருங்கை வேகமாக வளரும், ஆனால் காற்றில் முறியும். அதனால் வீட்டை ஒட்டியோ மின்கம்பிக்கு அடியிலோ நட மாட்டோம். தென்னைகளுக்கு இடையே போதிய இடைவெளி விடுவோம். பின்சந்து ஓரத்தில் பனை விதை ஊன்றுவோம். கஜாவில் தென்னைகள் விழுந்த கொல்லைகளில் பனை நின்றது, கண்ணால் பார்த்தோம்.

பணம் தர இயலாதவர்கள் தயங்க வேண்டாம். இடித்த வீட்டுச் செங்கல், பழைய ஓடு, உடையாத மண்தொட்டி, மூங்கில், சாணி, ஒரு கைப்பிடி நாட்டு விதை எதுவானாலும் வாங்கிக்கொள்வோம். ஞாயிறு காலையில் இரண்டு மணி நேர உழைப்பு எங்களுக்குப் பெரிய நன்கொடை. 1,000 ரூபாய் தந்தால் ஒரு கட்டை வெளியேறும், 3,500 தந்தால் ஒரு வீட்டுத் தண்ணீர் வாழைக்குத் திரும்பும். ஐம்பது ரூபாய்க்கும் ரசீது உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து இருவர் கையெழுத்தில்தான் பணம் எடுக்க முடியும். வரவு செலவை மாதந்தோறும் கிணற்றடிச் சுவரில் எழுதி ஒட்டுகிறோம், வெளியூரில் இருப்பவர்களுக்குப் படமெடுத்து அனுப்புகிறோம். யார் பெயரையும் கல்லில் பொறிப்பதில்லை, தந்த தொகையையும் ஒப்பிட்டுப் பேசுவதில்லை.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 34 வீடுகளில் 11 பூட்டிக் கிடக்கின்றன. உங்களிடம் பணத்தைவிட முதலில் நாங்கள் கேட்பது, கொல்லைக்குள் நுழைய அனுமதி. நடுவில் பூட்டிய கொல்லையில் புதரும் வண்டும் பெருகினால் இரு பக்கத்து வீட்டாரும் என்ன செய்தும் பயனில்லை. பின்பக்கச் சாவியை மட்டும் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். எதை வெட்டுவதானாலும் முன்கூட்டியே உங்களிடம் கேட்போம். காய்த்தால் உங்கள் வீட்டுத் தேங்காயை எண்ணி எழுதி வைப்போம். உங்கள் அப்பா வைத்த நார்த்தை மரம் ஒன்று இன்னும் உயிரோடு இருப்பதாகச் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர் சொல்கிறார், அது யார் வீடு என்று படித்தவுடன் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஐப்பசி அடைமழைக்கு முன் கிணறு முடிய வேண்டும் என்பதால் புரட்டாசி முடிவதற்குள் தொகை சேர்ந்தால் நல்லது. விதைப்புக்கு ஆடிப்பட்டம் தவற விடக்கூடாது. ஆடிப்பெருக்கன்று காலை 7 மணிக்குக் கிணற்றடியில் கூடுகிறோம். முதல் கட்டையைத் தோண்டுகிறோம், அவரையும் பூசணியும் ஊன்றுகிறோம், கட்டுச்சோறு குழுவின் பொறுப்பு. மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்துவாருங்கள், எங்களிடம் இப்போது இரண்டுதான் இருக்கின்றன.

அன்புடன்,
தெருத் தோட்டக் குழு,
மன்னார்குடி