முழுக்கு எடுக்குறதுக்கு முன்னாடி அம்மா சொல்றதையும் கேளு

தம்பி,

அந்தப் பெந்தெகொஸ்தே சபைல மெம்பர் ஆகட்டுமாம்மான்னு கேள்விய மட்டும் கேட்டுட்டு இன்னொரு கால் வருதும்மான்னு வச்சிட்ட, அதனால உக்காந்து டைப் பண்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், மீட்டிங்ல இருந்துகிட்டு பாதி படிச்சு பாதி விடாம ராத்திரி பிள்ளைங்க தூங்குனப்புறம் மருமகளையும் பக்கத்துல வச்சுகிட்டு படி, இது அவளுக்கும் சேத்துதான்.

அம்மா சண்டைக்கு வருவான்னு நீ பயந்தது உன் குரல்லயே தெரிஞ்சுது. வரல. சர்ஜாபூர் ரோட்டுல உங்க அபார்ட்மென்ட்டுக்கு எதுத்தாப்புல இருக்குற அந்த பெந்தெகொஸ்தே சபைக்கு நீங்க போறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, தாராளமா போங்க, போறதா இருந்தா வாராவாரம் ஒழுங்கா போங்க. ஆனா மெம்பர் ஆகணும்னா மறுபடியும் முழுக்கு ஞானஸ்நானம், தண்ணிக்குள்ள முங்கி எந்திரிக்கிறது, எடுக்கணும்னு பாஸ்டர் சொன்னாருன்னியே, அந்த இடத்துலதான் எனக்கு இடிக்குது. போறது வேற, அது வேற. ரெண்டையும் நீ ஒண்ணாப் போட்டுக் குழப்பிகிட்டு இருக்க.

மொதல்ல போறதப் பத்தி. நீ காக்ஸ் டவுனுக்கு நம்ம சிஎஸ்ஐ, அதான் தென்னிந்தியத் திருச்சபை, கோயிலுக்கு வரணும்னா அகரா சிக்னல், டொம்ளூர், அல்சூர்னு வந்து சேரணும், எட்டு மணி ஆராதனைக்கு ரெண்டு பிள்ளைகளையும் எழுப்பிக் குளிக்க வச்சு கிளப்புறதுக்குள்ள மருமக பாதி செத்துருவா, திரும்பி போறப்ப வெயிலும் டிராஃபிக்கும். அதனால என்ன ஆச்சு, கிறிஸ்துமஸ், நியூ இயர் நடுராத்திரி ஆராதனை, ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, அவ்வளவுதான் நீங்க. பிள்ளைங்களுக்கு கோயில்னா ஏலம் போடுற இடம், கேக் குடுக்குற இடம்னு ஆயிருச்சு. சின்னவ என்கிட்ட கேக்குறா, ஆச்சி உங்க சர்ச்ல இன்னைக்கு என்ன ஃபங்ஷன்னு. உங்க சர்ச்சாம்!

போன மழைக்கு அவளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரில கிடந்தாளே, நான் அங்க ராத்திரி இருந்தப்ப பாத்தது மறக்காது. அந்த சபைல இருந்து ஒரு அக்கா ஸ்டீல் தூக்குல ரசஞ்சாதம் கொண்டு வந்துச்சு, நீங்க அங்க ஒண்ணு ரெண்டு தடவைதான் போயிருப்பீங்க அப்ப. வந்து உக்காந்து ஆர்ப்பாட்டமா ஜெபம் பண்ணுவாங்கன்னு நான் பயந்தேன், இல்ல, பிள்ள தூங்குறா சத்தம் வேண்டாம்னு கால்மாட்டுல நின்னு உதடு மட்டும் அசையுற மாதிரி ஜெபிச்சுட்டு, மருமக கிட்ட வீட்டுச் சாவி வாங்கிட்டு போய் பெரியவன ஸ்கூலுக்கு கிளப்பி விட்டுச்சு. நம்ம சபைக்கு விஷயம் தெரிஞ்சதே டிஸ்சார்ஜ் ஆனப்புறம்தான். அவங்கள குத்தம் சொல்லல, நம்ம ஆளுங்க ஹென்னூர், கே.ஆர்.புரம், ஓசூர் வரைக்கும் சிதறிக் கிடக்குறாங்க, யாரு யாரப் போய் பாக்குறது. ஆனா விசுவாசம்ங்கறது பக்கத்துல நாலு பேரு இல்லாம தனியா வளக்குற காரியம் இல்ல. உங்களத் தெரிஞ்ச, உங்க வீட்டுக்கு நடந்து வரக்கூடிய ஒரு சபை உங்களுக்கு வேணும்.

நான் உங்க கூட வந்த அந்த ஞாயித்துக்கிழமையப் பத்தி இதுவரைக்கும் நான் எதுவும் சொல்லல, இப்ப சொல்றேன். கீபோர்டு சத்தம் நெஞ்சுல அடிச்சுது, அது எனக்கு வயசான கோளாறுன்னு விடு. பாவ அறிக்கை இல்ல, விசுவாசப் பிரமாணம் இல்ல, பழைய ஏற்பாட்டுல இருந்து ஒரு பாடம் கூட வாசிக்கல, ஒரு மணி நேரத்துக்கு மேல பிரசங்கத்துக்கு ஒரே ஒரு வசனம், அது எனக்குப் பெரிய குறை. ஆனா பாஸ்டர் இங்கிலீஷ்ல ஒரு வரி சொல்ல அந்தத் தம்பி தமிழ்ல ஒரு வரி சொன்னானே, அவர் கைய ஆட்டுனா இவனும் ஆட்டுறான், அவர் குனிஞ்சா இவனும் குனியுறான், எனக்கு ரொம்பப் பிடிச்சுது. மொத வரிசைல உங்க பிளாக்ல வீட்டுவேலை செய்யுற அம்மா கன்னட பைபிள வச்சுகிட்டு உக்காந்திருந்துச்சு, அதுக்குப் பக்கத்துல ஃபிளாட் ஓனரம்மா. நம்ம கோயில்ல குடும்பம் குடும்பமா ஒரே பெஞ்சுல தலைமுறையா உக்காருறத நினைச்சுப் பாத்தேன்.

பிடிக்காதது ஒண்ணே ஒண்ணு. நடுவுல பாஸ்டர், பாரம்பரிய சபையில இருந்து வெளிய வந்தவங்க கைய உயர்த்துங்க, ஸ்தோத்திரம் பண்ணலாம்னாரு. நீ பாதி கை தூக்குன. என்னப் பாத்துட்டு பாதில நிறுத்துனியா, இல்ல உனக்கே பாதிதான் மனசு இருந்துச்சான்னு தெரியல.

இப்ப ஞானஸ்நானத்துக்கு வாரேன்.

சிஎஸ்ஐ சிஎஸ்ஐன்னு நம்ம ஆளுங்க பெருமையா பேசுறதக் கேட்டா ஆதாமுக்கே நம்ம பிஷப்தான் தலைல கை வச்சு திடப்படுத்தல் குடுத்த மாதிரி இருக்கும். 1947 செப்டம்பர் 27, சுதந்திரம் கிடைச்ச அடுத்த மாசம், மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேந்து உண்டானதுதான் இது. அந்த ஐக்கிய சபையும் 1908ல பிரெஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் சேந்தது. எங்க அப்பா வீடு நாகர்கோவில், லண்டன் மிஷன், பிஷப் இல்லாமலே நடந்த சபை. உங்க அப்பா வீடு நாசரேத், எஸ்பிஜிங்கற ஆங்கிலிக்கன் மிஷன், அப்பமும் ரசமும் வாங்குற திருவிருந்து முழங்கால் போட்டுத்தான். எங்க கல்யாணத்துலயே ரெண்டு பாரம்பரியம் இருக்கு, வெளிய தெரியல அவ்வளவுதான்.

இன்னும் பின்னால போனா திருநெல்வேலில 1780ல பாளையங்கோட்டைல சபைப் பதிவு தொடங்குறப்ப அதுக்குப் பின்னால இருந்த சுவார்ட்ஸ் ஐயர் (நம்ம பக்கம் பாதிரியார ஐயர்னுதான சொல்லுவோம்) லுத்தரன், ஆனா ஆதரவு குடுத்தது இங்கிலாந்துல இருந்த ஆங்கிலிக்கன் சங்கம் எஸ்பிசிகே. அங்க ஊழியத்துக்குப் போன சத்தியநாதன் ஐயர் 1790ல லுத்தரன் முறைல குருப்பட்டம் வாங்குனவரு. அப்புறம் 1820ல வந்த ரேனியஸ் ஐயர், ஜெர்மன்காரர், சிஎம்எஸ்ங்கற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்துல வேலை பாத்தவர், ஆங்கிலிக்கன் முறைப்படிதான் பட்டம் குடுக்கணும்னு வந்தப்ப ஒத்துக்காம நின்னாரு, 1835ல வேலைய விட்டு நீக்குனாங்க, சபையே ரெண்டா நின்னுச்சு, 1838ல அவர் இறந்தப்புறம்தான் பெரும்பாலும் ஒண்ணாச்சு. இத எதுக்கு சொல்றேன்னா, பட்டம் யார் குடுக்கலாம்னு அவ்வளவு அடிச்சுகிட்டாங்களே, ஆனா லுத்தரன் ஐயர் குடுத்த ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி எடுன்னு ஆங்கிலிக்கன் சொல்லல. அது ஒண்ண மட்டும் தொடல. அந்த மரியாதைலதான் பின்னால எல்லாரும் ஒண்ணு சேர முடிஞ்சுது.

தண்ணி எவ்வளவுங்கறது எனக்குப் பிரச்சனையே இல்ல. 1662 ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமே குழந்தைய தண்ணிக்குள்ள முக்கணும், தாங்காத பிள்ளைன்னா மட்டும் ஊத்துனா போதும்னுதான் சொல்லுது. மும்பைல சித்தி போறாளே சிஎன்ஐ, வட இந்தியத் திருச்சபை, அது 1970ல சேர்ந்தப்ப பாப்டிஸ்ட்காரங்களும் உள்ள வந்தாங்க, குழந்தை ஞானஸ்நானமும் உண்டு, பெரியவங்களானப்புறம் விசுவாச அறிக்கை பண்ணி எடுக்குற ஞானஸ்நானமும் உண்டு, ரெண்டும் ஒரே சபைல. அதனால உங்க பாஸ்டர் ஆளுங்க பக்கமும் நியாயம் இருக்குன்னு எனக்குத் தெரியும். மாற்கு 16ல விசுவாசம் முன்னால வருது, ஞானஸ்நானம் பின்னால வருது, அத அவங்க காட்டுவாங்க. நாம அப்போஸ்தலர் 16ல சிறைச்சாலைக்காரன் வீட்டோட எடுத்தானேன்னு காட்டுவோம். அந்த வீட்டுல கைக்குழந்தை இருந்துச்சான்னு எழுதல, இல்லைன்னும் எழுதல. இதுல ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மடக்க முடியாது. அவங்க அப்போஸ்தலர் 19 எடுப்பாங்க, எபேசுல பவுல் மறுபடி குடுத்தாரேன்னு, அது யோவானோட ஞானஸ்நானம் மட்டும் எடுத்தவங்களுக்கு, இயேசுவின் நாமத்துல எடுத்தவங்களுக்கு இல்ல, அத ஞாபகம் வச்சுக்கோ.

எனக்குப் பிரச்சனை ரெண்டாவது தடவைங்கறதுதான். உன்ன வெள்ளைச் சட்டை போட்டு நான் தூக்கிட்டுப் போனப்ப நீ ஐயரோட அங்கிய ஈரமாக்குன, அது உனக்கு ஞாபகம் இருக்காது, சரி. ஆனா திடப்படுத்தல் அன்னைக்கு முழங்கால் போட்டு உன் வாயாலயே ஏத்துகிட்டியே, அது ஞாபகம் இருக்குல்ல? எபேசியர் 4ல ஒரே கர்த்தரும் ஒரே விசுவாசமும் ஒரே ஞானஸ்நானமும்னு இருக்கு. 1982ல லீமால உலக சபை மன்றம் வச்ச அறிக்கைலயும் ஞானஸ்நானம் திரும்பச் செய்ய முடியாததுன்னுதான் எழுதிருக்கு. நீ இப்ப தண்ணில இறங்குனா, அன்னைக்கு கர்த்தர் உன்ன ஏத்துக்கல, அது வெறும் தண்ணின்னு சொல்றதா அர்த்தம். அத நீ நம்புறியா?

நம்புனா வேற பேச்சு. வேதத்த நீயா படிச்சு, ராத்திரி தூக்கம் வராம ஜெபிச்சு, இதுதான்னு உனக்கு உறுதியானா எடு, எனக்கு வருத்தமா இருக்கும், ஆனா நான் குறுக்க நிக்க மாட்டேன், கரைல துண்டு பிடிச்சுகிட்டு நிக்குறேன். ஆனா மருமக போன்ல வாய் தவறி சொல்லிட்டா, முழுக்கு எடுத்தாத்தான் வொர்ஷிப் டீம்ல கிட்டார் வாசிக்க விடுவாங்களாமே? கிட்டாருக்காக இறங்காத தம்பி. அது அவங்க நம்புறதுக்கும் மரியாதை இல்ல, நாம நம்புறதுக்கும் மரியாதை இல்ல.

அதனால பாஸ்டர்கிட்ட போய் நேரா உக்காந்து பேசு, ஆராதனை முடிஞ்ச கூட்டத்துல இல்ல, ஒரு வார நாள்ல. முழுக்கு இல்லாம நாங்க வரலாமா, இராப்போஜனம், அதான் திருவிருந்து, எடுக்கலாமா, வீட்டு ஜெபத்துல சேரலாமான்னு கேளு. அந்நிய பாஷை பேசாதவனுக்கு ஆவியானவர் இல்லைன்னு சொல்லுவாங்களான்னு கேளு, எல்லாரும் பேசுறாங்களான்னு பவுலே 1 கொரிந்தியர் 12ல கேக்குறாரு. மருமக தாலியயும் கம்மலையும் கழட்டச் சொல்லுவாங்களான்னு கேளு, சில சபைல ஆரம்பத்துல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஒரு வருஷம் கழிச்சு மெதுவா ஆரம்பிப்பாங்க. வியாதி வந்தா மாத்திரை போடலாமான்னு கேளு, சின்னவளுக்கு வீசிங் இருக்கு, இது விளையாட்டு இல்ல. சம்பளத்துல பத்துல ஒண்ணு குடுக்குற தசமபாகக் கணக்க யாரு பாக்குறா, பாஸ்டரையும் அவர் வீட்டம்மாவையும் தவிர வேற யாராவது கையெழுத்துப் போடுறாங்களான்னு கேளு. இத ரொம்பப் பெருமையா நான் கேக்க முடியாது, நம்ம கமிட்டி எலெக்‌ஷன்ல நடக்குற கூத்து உனக்கே தெரியும், ஆனா நம்மகிட்ட சண்டை போடவாவது ஒரு கமிட்டி இருக்கு. அப்புறம் கல்யாணம் நடத்த அவருக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேட்டு வை, 1872 கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி பிஷப்கிட்ட பட்டம் வாங்குன குருமாருக்குத் தனியா வேண்டாம், இந்த மாதிரி சுயாதீன சபை பாஸ்டருக்கு அரசாங்க லைசென்ஸ் வேணும். பெரியவனுக்கு இன்னும் மீசையே வரலன்னு சிரிக்காத, பின்னால ஓடுறத விட இப்ப கேக்குறது நல்லது.

கேக்குறப்ப முகத்தப் பாரு. பதில விட அதுதான் முக்கியம். கேள்வி கேட்டா கோவப்படுறவரா, இல்ல எங்களுக்குள்ள இதுல வித்தியாசம் இருக்கு ஆனா நீங்க வாங்கன்னு சொல்றவரா. ரெண்டாவது ஆளா இருந்தா மெம்பர் ஆகாமலே வருஷக்கணக்கா நீங்க அங்க சந்தோஷமா இருக்கலாம். மொத ஆளா இருந்தா ரசஞ்சாதம் கொண்டு வந்த அக்காவுக்காக மட்டும் அங்க தங்க முடியாது, கொஞ்சம் தள்ளி வேற சபை தேடு, மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட் எதுவானாலும் பாரு.

போறதுன்னு முடிவாச்சுன்னா கையக் கட்டிகிட்டு வாராவாரம் பிரசங்கத்துக்கு மார்க் போடுறதுக்குப் போகாத, உங்க அப்பா பண்ற மாதிரி. அங்க நாற்காலி அடுக்க ஆள் வேணும்னா அடுக்கு, அதுக்கு முழுக்கு கேக்க மாட்டாங்க. ஆனா அவங்க சொல்லித் தராதத நீ வீட்டுல சொல்லிக் குடுக்கணும், பரமண்டல ஜெபமும் விசுவாசப் பிரமாணமும் தமிழ்ல, நம்ம பாமாலைப் பாட்டு நாலஞ்சாவது. பெரியவனுக்கு அடுத்த வருஷம் திடப்படுத்தல் வகுப்பு, அதுக்கு மட்டும் நம்ம கோயிலுக்கு அனுப்பி வை, சனிக்கிழமை இங்க என்கூட படுத்துக்கட்டும். அவனுக்கு விருப்பம் இல்லைன்னா கட்டாயம் இல்ல, ஆனா அத அவன் சொல்லணும், நீ சொல்லாத.

நம்ம சபைப் பதிவுல இருந்து பேர எடுக்காத, சந்தாவ நீயே கட்டு, நான் கட்ட மாட்டேன், ஜீபே இருக்குல்ல. நம்ம ஐயரையும் ஒரு நாள் வந்து பாத்து சொல்லிரு, ஒளிச்சுகிட்டு போற மாதிரி இருக்கக் கூடாது, அந்தப் பாஸ்டர்கிட்டயும் எங்க பேரு அங்க இருக்குன்னு சொல்லிரு. ஐயர் ஒண்ணும் கடிச்சுற மாட்டாரு, அவர் மில்லர்ஸ் ரோட்டு யுடிசி இறையியல் கல்லூரில எல்லா சபைக்காரங்க கூடவும் படிச்சவர்தான்.

உங்க அப்பாகிட்ட இன்னும் சொல்லல, மாத்திரை மாத்துனதுல இருந்து கொஞ்சம் கடுகடுன்னு இருக்காரு, நானே பக்குவமா சொல்லிக்குறேன், நீ முந்திக்காத. பாஸ்டர்கிட்ட பேசிட்டு எனக்கு போன் பண்ணு, மெசேஜ் வேண்டாம், குரலக் கேக்கணும். அடுத்த மாசம் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை, நாலு பேரும் வாங்க, மத்தியானம் மீன் குழம்பு வைக்கிறேன், வர்றப்ப போன தடவை கொண்டு போன ரெண்டு எவர்சில்வர் டப்பாவையும் எடுத்துட்டு வரச் சொல்லு.

அம்மா