'சிறிது காலம் வானொலியில்' அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'பொனான்சா'வில் பண்ணைக்காரத் தகப்பன் பென் கார்ட்ரைட்டாக நடித்த லோர்ன் கிரீனுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் 'முன்பு சிறிது காலம் வானொலியில் பணியாற்றினார்' என்று ஒரே வரியில் தாண்டிப் போனது எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடாவின் சிபிசி வானொலியில் அவர் முதன்மைச் செய்தி வாசிப்பாளர். 1915-ல் ஒட்டாவாவில் பிறந்தவர், குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படிக்கப் போய் நாடகத்தின் பக்கம் திரும்பியவர். கனத்த குரல். நிலையம் அவரைக் 'கனடாவின் குரல்' என்றது. வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களோ 'வாய்ஸ் ஆஃப் டூம்' என்று பெயர் வைத்தார்கள், கேடு சொல்லும் குரல். போர்முனைத் தோல்விகளும் செத்துப்போன வீரர்களின் பட்டியலும் அந்தக் குரலில்தானே வந்தன. பிள்ளையைப் போருக்கு அனுப்பிய வீட்டில் அது கேட்டால் வயிறு கலங்காதா?

நானும் ஒரு வானொலி நிலையத்தில் 18 வருடம் பகுதிநேரமாகச் செய்தி வாசித்தவன். 2004 சுனாமிக்கு மறுநாள் காலை என் முறை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கைக்கு வரும் நேரத்தில், கதவைச் சத்தமில்லாமல் திறந்து திருத்திய தாளை என் முன்னால் வைத்தார்கள். பழைய எண்ணைப் பேனாவால் அடித்து, மேலே புது எண். குரல் இடறாமல் அதை வாசித்தேன். அப்புறம் டீக்கடையில் ஒருவர், "காலையில வாசிச்சது நீங்கதானே?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வீட்டில் யார் போனார்களோ, நான் கேட்கவில்லை. கிரீனுக்கு அப்படி எத்தனை முகங்கள் திரும்பியிருக்கும்!

அவர் செய்த கடிகாரமும் கட்டுரையில் இல்லை. சாதாரண ஸ்டாப்வாட்ச் எத்தனை விநாடி போயிற்று என்றுதான் காட்டும். வாசிப்பவருக்கு வேண்டியதோ எத்தனை மிச்சம் என்பது. கடைசிச் செய்தியை வாசித்தபடியே மனசுக்குள் கழித்தல் கணக்குப் போட வேண்டும். நான் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்வேன். கிரீன், பூஜ்யத்தை நோக்கிப் பின்னோக்கி ஓடும் ஸ்டாப்வாட்சையே உருவாக்கிவிட்டார். மைக் முன்னால் உட்கார்ந்து தவித்தவனுக்குத்தான் இது தோன்றும். அதைக் காட்ட நியூயார்க் போன இடத்தில் தயாரிப்பாளர் பிளெட்சர் மார்க்கிலைச் சந்திக்க, தொலைக்காட்சி நாடக வாய்ப்பு வந்தது. 'பொனான்சா'வுக்குப் போன பாதையே செய்தி அறையில்தான் தொடங்குகிறது. போருக்குப் பின் டொராண்டோவில் வானொலிக் கலைக்கென்று ஒரு பள்ளியும் நடத்தினார். பின்னாளில் ஹாலிவுட் நகைச்சுவை நடிகராகப் பெயர் பெற்ற லெஸ்லி நீல்சன் அங்கே படித்தவர்.

1959 முதல் 1973 வரை 14 சீசன் ஓடிய தொடர் அது. மகன்களைக் கூப்பிட்டு அவர் நிதானமாகப் பேசும் காட்சிகளைக் கேட்டுப் பாருங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கவே மாட்டார். செய்தி வாசித்துப் பழகிய வாய் அது என்றுதான் என் காதுக்குப் படுகிறது.

அடுத்த இதழில் திருத்தம் போட இடம் இருந்தால், அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு 'போர்க்காலச் செய்தி வாசிப்பாளர்' என்றாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்