கராஜ் வேலை தொடங்க முதல்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். அம்மா போனில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினா. சீலிங்கைச் சுரண்டிப் பெயின்ற் அடிப்பது, சுவர் முழுக்கப் பிளாஸ்ரர்போட் (ஜிப்சம் பலகை) ஒட்டுவது, நிலத்தை உள்வீட்டு மட்டத்துக்கு உயர்த்துவது, இவ்வளவையும் நீயும் மருமகனும் சனி ஞாயிறுகளில் செய்து முடிக்கலாம் என்று எழுதியிருந்தாய். உனக்குக் கைவேலை வரும். சின்னதிலேயே என்னோடு வந்து மட்டம் பிடித்துப் பழகினவள். ஆனால், வேலையின் ஒழுங்கை நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப்போகிறேன். சீலிங்கில் இன்னும் கை வைக்கவில்லை என்றால், தயவுசெய்து வைக்காதே.

உங்கள் கராஜ் வீட்டுக்கு வெளியே தனியாக நிற்கிறது இல்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு நேர் மேலே பிள்ளை படுக்கிற அறை. காரும் பெற்றோலும் வீட்டைச் சூடாக்குகிற பொயிலரும் ஒரு பக்கம், நீங்கள் நித்திரை கொள்வது மற்றப் பக்கம். நடுவில் இருக்கிற சுவரும் சீலிங்கும் கதவும் உங்களைக் காக்கத்தான் இருக்கின்றன. அழகு பார்க்கிறது அதற்குப் பிறகு.

ஒரு படத்தில் சீலிங் தெளிவாகத் தெரிகிறது. சாம்பல் நிறப் பலகைகள், பொருத்துகளை மறைத்து மெல்லிய பட்டிகள். வீடு எழுபதுகளில் கட்டினது என்று நீதான் சொன்னாய். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இப்படி வீட்டோடு சேர்ந்த கராஜ்களின் சீலிங்குக்கு, தீ மேலே ஏறாமல் இருக்க, அஸ்பெஸ்ரஸ் கலந்த பலகை அடிப்பது சாதாரணம். அஸ்பெஸ்ரஸில் நீலம், பழுப்பு, வெள்ளை என்று வகைகள் உண்டு. நீலமும் பழுப்பும் அங்கே 1985இல் தடைசெய்யப்பட்டன. வெள்ளை அஸ்பெஸ்ரஸ் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். உங்கள் சீலிங் அதுதான் என்று படத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது, யாராலும் சொல்ல முடியாது. ஒரு துண்டை ஆய்வுகூடத்தில் பார்த்தால்தான் தெரியும். அந்தத் துண்டை நீ வெட்டி எடுக்கவும் வேண்டாம். அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடக்காரர் தாங்களே வந்து எடுப்பார்கள்.

ஊரில் நீங்கள் எல்லாம் அஸ்பெஸ்ரஸ் சீற் கூரைக்குக் கீழேதானே வளர்ந்தீர்கள் என்று கேட்பாய். உண்மைதான். ஆனால் அந்தக் கூரைச் சீற்றில் நார் சீமெந்துக்குள் இறுகிக் கிடக்கும். இந்தப் பலகை மெது. துளை போட்டால், சுரண்டினால், உடைத்தால் சுலபமாக நாரை விடும். கண்ணுக்குத் தெரியாது, மூச்சோடு உள்ளே போகும், அதனால் வருகிற நோய் வெளியே தெரியப் பல வருடம் எடுக்கும். அஸ்பெஸ்ரஸ் என்று முடிவு வந்தாலும் பயந்து ஓடத் தேவையில்லை. பலகை உடையாமல் நல்லபடியாக இருந்தால் தொடாமல் அப்படியே விடலாம். கழற்றத்தான் வேண்டும் என்றால் அது பெரும்பாலும் லைசென்ஸ் உள்ளவர்களின் வேலை. எவ்வளவு காசு கேட்டாலும் நான் பாதி தருகிறேன். இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதே.

அடுத்தது நிலம். உள்கதவைத் திறந்தால் கராஜுக்குள் ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது, அது இடைஞ்சல் என்று எழுதியிருந்தாய். அந்தப் படியை விட்டுவை. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். அது நிலத்தோடு தவழ்ந்து போகும். சிந்தின பெற்றோலும் ஆவியும் வீட்டுக்குள் வராமல் இருக்கத்தான் வாசல் உயர்ந்து நிற்கிறது. இப்போதைய இங்கிலாந்து விதியிலும் கதவு வாசல் கராஜ் நிலத்தைவிட 100 மில்லிமீற்றராவது உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலம் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். நிலத்தை உயர்த்தினால் இரண்டுமே போய்விடும்.

அந்தக் கதவையும் பார். அரை மணித்தியாலம் தீயைத் தாங்குகிற, தானாகச் சாத்திக்கொள்கிற கதவாக இருக்க வேண்டும். ஓரத்தில் ஓடுகிற பட்டி சூட்டில் பொங்கி இடைவெளியை அடைக்கும். பெயின்ற் அடிக்க வசதியாக அதைப் பிடுங்கிவிடாதே. சாமான் தூக்க லேசு என்று கதவுக்கு அடியில் ஆப்பும் வைக்காதே.

வீட்டுப் பக்கச் சுவரில் பொயிலர் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை தெரிகிறது, எலி புகுகிற அளவு. பழைய வயர் ஒன்று போன இடமும் திறந்தே கிடக்கிறது. புகையும் காபன் மொனொக்சைட் என்கிற நச்சுவாயுவும் உள்ளே வருகிற வழி இவைதான். தீத்தடுப்பு மாஸ்ரிக் (ஓட்டை அடைக்கிற பசை) என்று கேட்டு வாங்கி அடை. பெரிய ஓட்டைக்குச் சாந்து வைத்து இறுக்கு. ஒரு பின்னேரத்து வேலைதான், ஆனால் இந்தக் கராஜில் நீ செய்யப்போகிற வேலைகளிலேயே பெறுமதியானது இதுதான் என்று நான் நினைக்கிறேன். பிறகு அந்தச் சுவருக்குப் போட் அடிக்க விரும்பினால் றோஸ் நிறப் போட் வாங்கு, தீயைக் கூடத் தாங்கும். பொருத்துகளுக்கு ரேப் ஒட்டி நிரப்பி முடி.

வெளிச் சுவர் வேறு கதை. அது ஒற்றைச் செங்கல் சுவர், மொத்தத் தடிப்பு ஏறக்குறைய 100 மில்லிமீற்றர்தான். நடுவில் இடைவெளி இல்லை. காற்றோடு மழை அடித்தால் ஈரம் உள்பக்கம் வந்தே தீரும். அதில் நேராகப் பிளாஸ்ரர்போட் ஒட்டினாலும், ஜிப்சம் பூச்சுப் பூசினாலும், இரண்டு மாரிக்குள் உப்பிக் கழன்று விழும். மற்றவர்கள் பூசி விழுந்த சுவர்களைக் கொத்தி எடுக்கவே நான் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறேன்!

முதலில் வெளியே போய்ப் பார். நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் அடியில் வைத்திருக்கிற ஈரத்தடுப்புப் படைக்கு மேலே மண்ணோ ஸ்லாப் கல்லோ ஏறிக் கிடக்கிறதா? அந்தப் படை வெளி நிலத்துக்கு மேலே 150 மில்லிமீற்றராவது நிற்க வேண்டும். கல்லுக்கிடையில் சாந்து உதிர்ந்த இடங்களைத் திரும்ப நிரப்பு. கூரைப் பீலி ஒழுகினால் திருத்து. உள்ளே சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. தண்ணீர் ஊற்றிக் கழுவாதே, திரும்ப உள்ளே இறங்கிவிடும். காய்ந்த பிரஷால் தட்டி எடுத்துக் கூட்டி அள்ளு.

பிறகு ஒரு சோதனை. சமையலறை அலுமினியத் தாளில் ஒரு சதுரம் வெட்டி, நாலு பக்கமும் ரேப்பால் சுவரோடு இறுக்கி ஒட்டி இரண்டு நாள் விடு. உரிக்கும்போது தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உன் பக்கம் நனைந்திருந்தால் அது கராஜ் காற்றின் ஈரம், காற்றோட்டம் விட்டால் குறையும்.

என்னைக் கேட்டால் அந்தச் சுவருக்குப் பூச்சே வேண்டாம். கல்லைத் துடைத்து, மூச்சு விடுகிற மேசன்ரி பெயின்ற் வெள்ளை அடித்தால் போதும். முதல் கை கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, அப்போதுதான் கல் குடிக்கும். வழுவழுப்பாகத்தான் வேண்டும் என்று மருமகன் நின்றால் சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று கலந்து பூசுங்கள். சுண்ணாம்பு சேர்ந்தால் பூச்சு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், லேசில் வெடிக்காது. என் சாந்தகப்பையும் மட்டப்பலகையும் இங்கே சும்மா கிடக்கின்றன, எடுத்துக்கொண்டு போ.

பிற்காலத்தில் அதை அறையாக மாற்றுகிற எண்ணம் வந்தால், கட்டட விதிகளைப் பார்க்கிற பில்டிங் கொன்ட்ரோலுக்கு அறிவிக்காமல் ஒரு போட்கூட அடிக்காதே. வெப்பத்தடுப்பு, ஜன்னல், நிலம் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. விற்கும்போது சேர்ட்டிபிக்கேட் கேட்பார்கள்.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்துக்குப் போன் பண்ணு. முடிவு வந்தவுடன் எனக்கும் சொல்லு, அதற்குப் பிறகு சாமான் பட்டியலை இருவருமாக இருந்து எழுதுவோம். அதுவரை கராஜைக் கூட்டக்கூட வேண்டாம். பிள்ளையை அங்கே விளையாட விடாதே.

அன்புடன்,
அப்பா