பொன்மணியை அவசரப்படுத்தாதே

பாளையங்கோட்டை

அன்புள்ள ஞானராஜ்,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். உன் நாவலின் கையெழுத்துப் பிரதி பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் நலம். பிசான நெல் அறுப்பு முடிந்து வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு போகின்றன. என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி குறையவில்லை. ஆனாலும் ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்துக் கூட்டங்களில் ஒன்றையும் விடுவதில்லை. மகள் மாற்றலாகித் தென்காசிக்கு வந்துவிட்டாள். இனி மாதம் ஒருமுறையாவது பேரனைப் பார்க்கலாம்.

இனி உன் கதைக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை நீ களமாக எடுத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்ததையும் நாடே பேசியது. குளத்துக்கரை ஊர்களில் அந்த இரவு வீட்டுக்கு வீடு என்ன நடந்தது என்பதை எழுத ஆள் இல்லை. நீ எழுதியிருக்கிறாய். குளத்தின் மிச்சத் தண்ணீர் போகும் மறுகால் கொள்ளாமல் தண்ணீர் கரையின் தலையைத் தொடுகிறது. தன் வாழைத் தோட்டம் பக்கம் கரை உடைந்துவிடுமோ என்ற பயத்தில் அண்ணன் மண்வெட்டியோடு போய் எதிர்ப்பக்கம் வெட்டிவிடுகிறான். அந்தத் தண்ணீர் கீழத்தெருவில் தம்பியின் வீட்டுக்குள் புகுந்து எட்டு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய்விடுகிறது. நம் ஊர்க்காரன் எவனும் இதைக் கற்பனை என்று தள்ளமாட்டான்.

மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்பவும் படித்தேன். வெள்ளம் வடிந்தபின் தம்பியின் மனைவி பொன்மணி குடும்ப வேதாகமத்தை வெயிலில் வைத்து, ஒட்டிக்கொண்ட தாள்களை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள். முன்பக்கத்தில் மாமனார் கையெழுத்தில் பிள்ளைகளின் ஞானஸ்நானத் தேதிகள். மகளின் பெயர் இருந்த இடத்தில் நீல மை கரைந்து பரவிக் கிடக்கிறது. அவள் அழவில்லை, அந்தத் தாளின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்த தாளைப் பிரிக்கிறாள். இதைப் போல நீ வேறெங்கும் எழுதியதில்லை, ஞானராஜ்.

ஆனால் ஏழாம் அத்தியாயம் எனக்கு ஆகவில்லை. பிள்ளையை அடக்கம் செய்து மூன்று மாதம்தான் ஆகிறது. கோயில் அசனத்தில், ஊரே சேர்ந்து உண்ணும் அந்தப் பந்தியில், பொன்மணி கரையை வெட்டிய அத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் கையாலேயே அவருக்குச் சோறு போட்டு, "உங்களை மன்னித்துவிட்டேன்" என்கிறாள். ஊரே கண்ணீர் விடுகிறது. போலீஸ் வழக்கும் வாபஸ் ஆகிறது. நம் கிறிஸ்தவக் கதைகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பிரசங்கத்தில் சொல்ல வேண்டியதை ஒரு தாயின் வாயில் வைத்துவிடுகிறோம். மூன்றாம் அத்தியாயத்தில் நீ காட்டிய பொன்மணி இவ்வளவு சீக்கிரம் அந்தப் பந்தியில் போய் உட்காரமாட்டாள்.

எங்கள் பெரியம்மாவை உனக்கு நினைவிருக்கும். அவளுடைய ஒரே மகன் வரப்புத் தகராறில் பங்காளி கையால் இறந்தான். அதன் பிறகும் ஒரு ஞாயிறு கூட அவள் ஆராதனைக்கு வராமல் இருந்ததில்லை. அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் பெண்கள் வரிசை எழுந்ததும், மற்றவர்கள் கடந்து போவதற்கு முழங்காலை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். சிறு பையனாக அவள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வந்தால் அவள் குரல் நின்றுவிடும். "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்பதில்தான் மறுபடி சேர்ந்துகொள்வாள். உபதேசியார் வீட்டுக்கு வந்து புத்தி சொன்னபோது, "வாய் சொல்வதை நெஞ்சு சொல்லவில்லை ஐயா, ஆண்டவரிடம் போய்ப் பொய் சொல்லச் சொல்கிறீர்களா?" என்று கேட்டாள். அவரிடம் பதில் இல்லை. ஊரில் சிலர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அவளைவிடப் பயபக்தியோடு அந்த ஜெபத்தைச் சொன்னவர் அந்தக் கோயிலில் வேறு யாரும் இல்லை என்றே இன்றுவரை நான் நம்புகிறேன். பல வருடம் கழித்து ஓர் ஈஸ்டர் அன்று எழுந்து போய் முழங்கால் போட்டாள். ஏன் அன்று என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அந்த வீட்டாரோடு அவளுக்கு நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் பேச்சு.

வேதமே நம்மை அவசரப்படுத்துவதில்லையே. 88ஆம் சங்கீதத்தைப் பார், கடைசி வரி வரை இருள்தான். யாக்கோபு மகனுக்காகத் துக்கித்தபோது ஆறுதலுக்கு இடங்கொடாதிருந்தான் என்று எழுதியிருக்கிறது. அதற்காக அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை. யோபின் சிநேகிதர் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதராகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். துட்டி வீட்டுக்குப் போய், பிணம் எடுக்கும் முன்பே "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. உன் நாவலில் போதகர் ஐயரை அப்படிப் பேச வைத்திருக்கிறாய். அவரைக் கொஞ்சம் மௌனமாக உட்கார வை.

கரையிருப்பில் பிறந்த நம் கவிஞர் கிருஷ்ணபிள்ளை 1894இல் தந்த இரட்சணிய யாத்திரிகக் காவியத்தில், பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த அந்தப் பாட்டு எப்படிப் போகிறது என்று நினைத்துப் பார். முதல் அடியில் இயேசுவின் சதைப்புண்ட திருமேனி வருகிறது. அடுத்து சொல்ல முடியாத பாடுகள். இவர்கள் பிழையை மன்னியும் என்ற வேண்டுதல் கடைசி அடியில்தான் வாய் திறக்கிறது. காயத்தை முழுதாகக் காட்டாமல் அவர் மன்னிப்புக்குப் போகவில்லை.

வழக்கை வாபஸ் வாங்க வைக்காதே. 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய சிறுபிள்ளைகள் பிலிப், திமோத்தி இருவரையும் ஜீப்போடு எரித்தார்கள். விதவையான கிளாடிஸ் அம்மையார் மன்னித்துவிட்டேன் என்றார். வழக்கு அதன் வழியில் நடந்தது. 2003இல் தீர்ப்பும் வந்தது. அவர் மன்னித்ததும் நீதிமன்றம் தண்டித்ததும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. அந்த அம்மையார் மகளோடு உடனே ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிடாமல் 2004 வரை பாரிபாதாவில் தங்கித் தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டதுதான் என்னை அதிகம் அசைத்தது. வாயால் சொன்னதை அத்தனை வருடம் அதே மண்ணில் இருந்து வாழ்ந்து காட்டினார். பொன்மணியும் அந்தக் கீழத்தெருவிலேயேதான் இருக்கப்போகிறாள். அத்தான் வீட்டு வாசலைத் தாண்டித்தான் தினமும் தண்ணீருக்குப் போக வேண்டும். அந்த நடையை எழுது.

இன்னொன்று. அண்ணனுக்கு நீ ஒரு அத்தியாயம்கூடத் தரவில்லை. கரையை வெட்டியவன், அழுதான், மன்னிக்கப்பட்டான், அதோடு அவன் கதை முடிந்துபோகிறது. யோசேப்பின் சகோதரரைப் பார். எகிப்தில் அவன் அவர்களைக் கட்டிக்கொண்டு அழுது, முத்தமிட்டு, கோசேனில் குடியேற்றி, பதினேழு வருடம் சோறு போட்டு வைத்திருந்தான். தகப்பன் கண்ணை மூடினதும் அவர்கள் பயந்துபோய் ஆளனுப்புகிறார்கள்: எங்களை மன்னித்துவிடு. அதைக் கேட்டு யோசேப்பு அழுதான். முன்பு அழுததைவிட இந்த அழுகைதான் எனக்குப் பாரமாக இருக்கிறது. இத்தனை காலமும் அவன் கொடுத்ததை அவர்கள் வாங்கிக்கொள்ளவே இல்லை. உன் கதையின் அண்ணனும் அப்படி இருக்கட்டும். பொன்மணி வீட்டில் அடுப்பு புகையாத நாளில் வாசலில் வாழைத்தாரை வைத்துவிட்டு முகம் காட்டாமல் போகட்டும். அவள் அதை எடுக்காமல் விடட்டும், மாடு தின்னட்டும். அவன் மறுபடியும் வைக்கட்டும்.

அவள் மன்னிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மன்னிக்க வேண்டும்; அதற்காகத்தானே இதை எழுத உட்கார்ந்தாய். வாசகன் அதற்காகக் காத்திருந்து ஏங்கும்படி எழுது. அசனக் காட்சியை எடுத்துவிடவும் வேண்டாம். அந்த வருடம் அவள் பந்தியில் உட்காராமல், சமையல் நடக்கிற பக்கம் போய்க் கத்தரிக்காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பட்டும். பந்தியில் தன் இலை முன்னால் அத்தான் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருப்பதோடு அத்தியாயத்தை முடித்துக்கொள்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று வருத்தப்படமாட்டாய். அந்த மூன்றாம் அத்தியாயத்தை எழுதியவனால் முடியும் என்பதால்தான் இவ்வளவும் கேட்கிறேன். பிரதியின் ஓரங்களில் பென்சிலால் குறித்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மனமில்லை. ஈஸ்டருக்கு வருவதாகச் சொன்னாயே, இரண்டு நாள் சேர்த்து இருக்கிற மாதிரி டிக்கெட் போடு. அண்ணனின் அத்தியாயத்தை அதற்குள் தொடங்கியிருந்தால் அதையும் கொண்டு வா. தங்கச்சியையும் கூட்டி வா. இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் அன்புள்ள,
ஜெபமணி